பட்டு நூல், வெள்ளி ஜரிகை, இதய வால்வு

போன தடவை ஜாலியாக எழுதிவிட்டேன். இந்த முறை கொஞ்சம் சீரியஸான மேட்டர். ஆனால் பயப்படாமல் படியுங்கள், நடுவில் நம்ம ஊர்ப் பட்டும் ஜரிகையும் வரும்!

எங்கள் ஊர் களம்பூர். ஆரணிப் பட்டு என்று கடையில் வாங்குகிறீர்களே, அதில் ஒரு பங்கு எங்கள் பக்கத்துத் தறிகளில் நெய்ததாக இருக்கும். ரயிலில் வருபவர்களுக்கு ஒரு குழப்பம் வரும். ஸ்டேஷன் போர்டில் "ஆரணி ரோடு" என்று எழுதியிருக்கும், இறங்கிப் பார்த்தால் ஊர் களம்பூர். அரிசி சாப்பிடுபவர்களுக்கு களம்பூர் பொன்னி என்றால் உடனே தெரியும்.

என் மாமா தறிக்காரர். சில வருடங்களுக்கு முன் அவருக்கு இதயத்தில் செயற்கை வால்வு பொருத்தினார்கள். இரவில் எல்லாரும் தூங்கிய பிறகு அவர் பக்கத்தில் படுத்தால் டிக், டிக் என்று சத்தம் கேட்கும். சின்னப் பிள்ளைகள் "மாமா கடிகாரத்தை முழுங்கிட்டார்" என்று சொல்லிக்கொண்டு திரிந்தார்கள். இரண்டு வருடம் முன்பு அவருக்குக் காய்ச்சல் வந்தது. விட்டு விட்டு வந்தது. இரண்டு வாரமாகியும் போகவில்லை. கடைசியில் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனோம். அங்கே இதய டாக்டர் கேட்ட முதல் சில கேள்விகளில் ஒன்று இது:

"வீட்ல ஆடு மாடு வளக்கறீங்களா?"

மாமா திருதிருவென்று விழித்தார். "தறிதான் சார் இருக்கு. ஆடு பக்கத்து வீட்ல நாலு இருக்குது. எதுக்கு சார்?"

டாக்டர் பதில் சொல்லவில்லை, எழுதிக்கொண்டார். நான் படிப்பது மைக்ரோபயாலஜி. இருந்தும் எனக்கும் அன்றைக்குப் பதில் தெரியவில்லை. இதயத்துக்கும் ஆட்டுக்கும் என்ன சம்பந்தம்? அதைத் தேடப் போய்க் கிடைத்ததுதான் இந்தக் கட்டுரை.

முதலில் வால்வு ஏன் கெட்டுப்போகிறது என்று பார்ப்போம். வயதானவர்களுக்கு சுண்ணாம்பு படிந்து கெடும். ஆனால் நம் நாட்டில் இளம் வயதிலேயே வால்வு போனவர்களில் பெரும்பாலோருக்குக் காரணம் சின்ன வயதில் வந்த தொண்டை வலி. ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்ற பாக்டீரியா தொண்டையைத் தாக்குகிறது. அதை எதிர்க்கக் கிளம்பிய உடம்பு ஆள் தெரியாமல் தன் சொந்த இதய வால்வையும் சேர்த்து அடிக்கிறது. இதுதான் ருமாட்டிக் காய்ச்சல். நெரிசலான வீடு, வைத்தியத்துக்குக் காசில்லாத குடும்பம் என்று ஏழைகளைத் தேடி வரும் வியாதி. சில வருடம் கழித்து வால்வு தடித்து, சுருங்கி, சரியாகத் திறக்காது.

இதில் எங்கள் பக்கத்து வேலூருக்குப் பெரிய பங்கு உண்டு. வேலூர் சி.எம்.சி.யில் ரீவ் பெட்ஸ் என்ற அமெரிக்கர் 1940-களின் இறுதியில் மார்பு அறுவை சிகிச்சைத் துறையைத் தொடங்கினார். சுருங்கிய மைட்ரல் வால்வை, இதயம் துடித்துக்கொண்டிருக்கும்போதே உள்ளே விரலையோ ஒரு கருவியையோ விட்டு விரித்துவிடுவார்கள். இதய நுரையீரல் இயந்திரமெல்லாம் வேண்டாம், செலவும் குறைவு. 1983-ல் டாக்டர் ஸ்டான்லி ஜானும் குழுவினரும் தாங்கள் சி.எம்.சி.யில் இப்படிச் செய்த 3724 பேரின் கதையை வெளியிட்டார்கள். உலகத்திலேயே பெரிய தொகுப்புகளில் ஒன்று அது! அந்த 3724 பேரில் எத்தனை பேர் எங்கள் ஆரணி ரோடு ஸ்டேஷனில் மீட்டர்கேஜ் வண்டி ஏறிப் போனார்களோ என்று நினைத்துக்கொள்வேன்.

இந்த முறையில் ஒரு வசதி உண்டு. உடம்புக்குள் அந்நியப் பொருள் எதையும் வைத்து மூடுவதில்லை. ஆனால் வால்வு முழுசாகக் கெட்டுப்போனால் விரித்துப் பிரயோஜனமில்லை, மாற்றத்தான் வேண்டும். அப்போதுதான் நம் கதையின் வில்லன் உள்ளே வருகிறான்.

செயற்கை வால்வின் கதை 1952-ல் ஆரம்பிக்கிறது. அமெரிக்காவில் சார்லஸ் ஹஃப்நேகல் ஒரு பிளாஸ்டிக் கூண்டுக்குள் பந்தைப் போட்டு, அதை இதயத்தில் வைக்க வழியில்லாமல் பெருந்தமனியில் வைத்தார். 1960-ல் ஆல்பர்ட் ஸ்டார் என்ற டாக்டரும் லோவல் எட்வர்ட்ஸ் என்ற பொறியாளரும் சேர்ந்து செய்த பந்து வால்வை மைட்ரல் வால்வு இருந்த இடத்திலேயே பொருத்தினார்கள்.

நம் நாட்டுக்கு வந்தால் டாக்டர் எம்.எஸ். வலியத்தானைச் சொல்லாமல் போக முடியாது. அதே ஹஃப்நேகலிடம் பயிற்சி பெற்றவர். வெளிநாட்டு வால்வின் விலை நம் ஏழை நோயாளிகளுக்கு எட்டாது என்று திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரா நிலையத்தில் சொந்தமாக வால்வு செய்யக் கிளம்பினார். முதல் மாடல் சோதனையிலேயே தோற்றது. இரண்டாவது தேய்ந்துபோனது. மூன்றாவதில் நீலக்கல் தட்டு வைத்தார்கள், ஆட்டுக்குப் பொருத்திப் பார்த்தபோது தட்டு உடைந்தது. நான்காவதில் ஒருவகை பாலிஎதிலீன் தட்டு வைத்து, 1990 டிசம்பர் 6 அன்று முதல் மனிதருக்குப் பொருத்தினார்கள். பிறகு சென்னையைச் சேர்ந்த டி.டி.கே. நிறுவனம் அதைத் தயாரித்தது. இதுவரை ஒரு லட்சத்துக்கும் மேலான சித்திரா வால்வுகள் மனித இதயங்களில் பொருத்தப்பட்டுள்ளன. மாமாவுக்குள் டிக் டிக் என்பதும் அதில் ஒன்றுதான். வலியத்தான் 2024 ஜூலையில் காலமானார். செய்தியைப் படித்துவிட்டு மாமா அன்றைக்குத் தறியில் உட்காரவில்லை.

சரி, பட்டு எங்கே வந்தது என்கிறீர்களா?

வால்வை இதயத்தில் எப்படி உட்கார வைப்பது? உலோகத்தில் ஊசி இறங்காது. அதனால் உலோக வளையத்தைச் சுற்றி ஒரு துணி வளையம் வைப்பார்கள். பாலியஸ்டர் துணி. டாக்டர் அந்தத் துணியில்தான் தையல் போடுவார். ஆக, உலகத்தில் எந்த எந்திர வால்வை எடுத்தாலும் ஓரத்தில் கொஞ்சம் துணி இருக்கும். தறிக்காரர் வீட்டுப் பையனுக்கு இதைப் படித்ததும் ஏற்பட்ட சந்தோஷம் கொஞ்ச நஞ்சமல்ல!

உடம்புக்குள் துணி வைக்கலாம் என்ற யோசனை பிறந்ததே ஒரு பட்டு நூலில்தான். 1947-ல் நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் ஆர்தர் வூர்ஹீஸ் என்ற இளம் டாக்டர் நாய்களின் இதயத்தில் பரிசோதனை செய்துகொண்டிருந்தார். ஒரு நாய்க்குத் தையல் போடும்போது பட்டு நூல் தவறுதலாக இதய அறைக்குள் குறுக்கே போய்விட்டது. சில மாதம் கழித்துப் பார்த்தால் அந்த நூலின் மேல் பளபளவென்று ஒரு மெல்லிய திசு படர்ந்து மூடியிருந்தது. வேறு யாராவதாக இருந்தால் "அடடா, தப்பாகத் தைத்துவிட்டோம்" என்று விட்டிருப்பார்கள். இவர் யோசித்தார். ஒரு நூலையே உடம்பு தன்னுடையதாக ஏற்றுக்கொள்கிறதென்றால், நூலால் நெய்த துணியை ஏற்றுக்கொள்ளாதா? ஒரு பட்டுக் கைக்குட்டையையே குழாயாகத் தைத்து நாயின் பெருந்தமனியில் வைத்துப் பார்த்தார். அது கொஞ்ச நேரம்தான் தாங்கியது. ஆனால் வழி கிடைத்துவிட்டது. பிறகு வின்யான் என்ற செயற்கைத் துணி, டேக்ரான் என்று வளர்ந்து இன்றைய செயற்கை ரத்தக் குழாய்கள் வரை வந்தது. துணி வளையத்தின் ரகசியமும் இதே. துணியின் கண்களுக்குள் நம் திசு வளர்ந்து பிடித்துக்கொள்ளும், வால்வு உடம்போடு ஒன்றாகிவிடும்.

பத்து வருடம் கழித்து அதே பட்டு நூல் இன்னொரு முகத்தைக் காட்டியது.

1957-ல் லண்டனில் எலெக், கோனென் என்ற இருவர் ஒரு சோதனை முடிவை வெளியிட்டார்கள். தன்னார்வலர்களின் தோலில் ஸ்டெஃபிலோகாக்கஸ் பாக்டீரியாவை ஊசி வழியாகச் செலுத்தி, எத்தனை இருந்தால் சீழ் வைக்கிறது என்று எண்ணினார்கள். (இன்றைக்கு எந்த நெறிமுறைக் குழுவும் இதற்கு அனுமதி தராது!) சும்மா செலுத்தினால் பத்து லட்சத்துக்கும் மேல் தேவைப்பட்டது. ஆனால் பாக்டீரியா ஏற்றிய ஒரே ஒரு பட்டுத் தையலைப் போட்டால் சில நூறே போதும். சுமார் பத்தாயிரம் மடங்கு வித்தியாசம்! பாக்டீரியா அதேதான், ஆளும் அதே மாதிரி ஆள்தான். நடுவில் ஒரு நூல் வந்ததுதான் வித்தியாசம்.

நூலின் இடுக்குகளுக்குள் வெள்ளை அணுக்களால் சரியாக நுழைய முடியாது. ரத்த ஓட்டமும் கிடையாது. பாக்டீரியா அங்கே ஒட்டிக்கொண்டு, தன்னைச் சுற்றிப் பசை மாதிரி ஒன்றைச் சுரந்து கூட்டமாகக் குடித்தனம் நடத்துகிறது. பயோஃபிலிம் என்கிறார்கள். 1970-களில் பில் காஸ்டர்டன் போன்றவர்கள் இதை விளக்கிய பிறகுதான், ஆய்வுக்கூடத் தட்டில் செத்துப்போகும் கிருமி வால்வின் மேல் இருக்கும்போது ஏன் அதே மருந்துக்கு அசைந்து கொடுப்பதில்லை என்று புரிந்தது.

இதயத்தின் உள்பக்கத்தில் வரும் இந்தத் தொற்றுக்கு எண்டோகார்டைடிஸ் என்று பெயர். பெனிசிலின் வரும்வரை வந்தால் மரணம்தான். வந்த பிறகு, சொந்த வால்வில் வந்தால் பலரைக் காப்பாற்ற முடிந்தது. செயற்கை வால்வு வைத்தவர்களுக்கு மட்டும் கதை மறுபடி பழைய இடத்துக்கே போனது. வால்வு மாற்றியவர்களில் நூற்றில் சிலருக்குத்தான் இது வருகிறது. ஆனால் வந்தால் ஐந்தில் ஒருவரோ, அதற்கு மேலோ இறக்கிறார்கள்.

வழக்கமாக வரும் கிருமிகள் தெரிந்த முகங்கள். முதல் வருடத்தில் தோலில் வாழும் ஸ்டெஃபிலோகாக்கஸ் வகைகள். பிறகு பெரும்பாலும் வாயில் வாழும் ஸ்ட்ரெப்டோகாக்கஸ், குடலில் வாழும் என்டெரோகாக்கஸ். ரத்தம் எடுத்து புட்டியில் வளர்த்தால் ஓரிரு நாளில் தெரிந்துவிடும். பிரச்சினை எங்கே என்றால், சில நோயாளிகளுக்கு எல்லா அறிகுறியும் இருக்கும், புட்டியில் மட்டும் எதுவும் வளராது.

இங்கேதான் ஆடு வருகிறது.

1935-ல் ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேன் நகரத்தில் ஆடுமாடு வெட்டும் கூடத்தில் வேலை செய்தவர்களுக்கு விளங்காத காய்ச்சல் ஒன்று வந்தது. எட்வர்ட் டெரிக் என்ற டாக்டர் விசாரித்தார். என்ன காய்ச்சல் என்றே தெரியாததால் கேள்விக்குறியின் அர்த்தத்தில் "க்யூ காய்ச்சல்" என்று பெயர் வைத்தார். மாதிரிகளை மெல்பர்னில் இருந்த மக்ஃபார்லேன் பர்னெட்டுக்கு அனுப்ப, அவர் கிருமியைக் கண்டுபிடித்தார். அதே சமயம் அமெரிக்காவின் மொன்டானாவில் ஹெரால்ட் காக்ஸ் என்பவர் உண்ணியிலிருந்து ஒரு கிருமியைப் பிரித்து வைத்திருந்தார். இரண்டும் ஒன்றே என்று தெரியவந்த விதம்தான் வேடிக்கை. காக்ஸின் ஆய்வை நம்பாமல் நேரில் சோதிக்க வந்த ரோலா டயர் என்ற அதிகாரிக்கு அந்த ஆய்வுக்கூடத்திலேயே காய்ச்சல் தொற்றிக்கொண்டது! நம்பாமல் வேறு வழி? கிருமிக்கு இருவர் பெயரையும் சேர்த்து காக்ஸியெல்லா பர்னெட்டி என்று பெயர் வைத்தார்கள்.

ஆடு, மாடு குட்டி போடும்போது வெளிவரும் நஞ்சுக்கொடியில் இந்தக் கிருமி கோடிக்கணக்கில் இருக்கலாம். காய்ந்து தூசியோடு காற்றில் பறக்கும். மாதக்கணக்கில் சாகாது. சிலவற்றை மூச்சில் இழுத்தாலே போதும். ஆட்டைத் தொட்டிருக்கக்கூட வேண்டாம், பக்கத்து வீட்டு ஆடே போதும். பெரும்பாலானோருக்கு ஒன்றும் ஆகாது, இல்லையென்றால் சாதாரணக் காய்ச்சலாகப் போய்விடும். ஆனால் கெட்ட வால்வோ செயற்கை வால்வோ உள்ளவர்களில் சிலருக்கு அது அங்கே போய்க் குடியேறிவிடும். மாதங்கள், வருடங்கள் கழித்துத் தலை காட்டும். 1959-லேயே பிரிட்டிஷ் மருத்துவ இதழ்கள் இதைப் பதிவு செய்துவிட்டன.

இந்தக் கிருமி உயிருள்ள செல்லுக்குள் மட்டுமே வளரும். ரத்தப் புட்டியில் வளராது. ரத்தத்தில் அதற்கெதிரான ஆன்டிபாடி இருக்கிறதா என்று தனியாகச் சோதித்தால்தான் தெரியும். சந்தேகம் வந்தால்தானே சோதிப்பார்கள்? சந்தேகம் வர ஆட்டைப் பற்றிக் கேட்கவேண்டும். டாக்டர் கேள்வியின் அர்த்தம் புரிகிறதா?

2007 முதல் 2010 வரை நெதர்லாந்தில் பால் ஆட்டுப் பண்ணைகளிலிருந்து இந்தக் காய்ச்சல் பரவி 4000-க்கும் மேற்பட்டோர் பாதிக்கப்பட்டார்கள். சினையாக இருந்த ஆடுகளை ஆயிரக்கணக்கில் கொன்றார்கள். வால்வு நோயாளிகளுக்குத் தொல்லை அதற்குப் பிறகும் வருடக்கணக்கில் தொடர்ந்தது. சிகிச்சையும் லேசுப்பட்டதல்ல. டாக்ஸிசைக்ளின், ஹைட்ராக்ஸிகுளோரோகுயின் இரண்டையும் ஒன்றரை வருடம், செயற்கை வால்வு என்றால் இரண்டு வருடம் சாப்பிட வேண்டும். கொரோனா காலத்தில் டிவியில் தினமும் அடிபட்டதே, அதே ஹைட்ராக்ஸிகுளோரோகுயின்தான்! இரண்டு இடத்திலும் பிரான்ஸின் டிடியே ரவுல் பெயர்தான் முன்னால் நிற்கும். கொரோனாவில் அது எடுபடவில்லை, காக்ஸியெல்லாவில் எடுபட்டது.

காய்ச்சாத பாலில் வரும் புரூசெல்லா இன்னொன்று. மால்டா தீவில் இருந்த பிரிட்டிஷ் சிப்பாய்களை வாட்டிய காய்ச்சல் அது. டேவிட் புரூஸ் 1887-ல் கிருமியைப் பிரித்தார், ஆட்டுப்பால்தான் வழி என்று 1905-ல் சம்மிட் கண்டுபிடித்தார். புட்டியில் மெதுவாக வளரும். பாலைப் பொங்கவிட்டுக் குடிக்கும் நம் வழக்கம் இந்த விஷயத்தில் நம்மை நிறையவே காப்பாற்றுகிறது.

இதெல்லாம் வெளியிலிருந்து வரும் ஆசாமிகள். வைத்தியமே கொண்டுவந்து கொடுத்த கிருமிகளும் உண்டு, அதுதான் எனக்கு அதிகம் உறைத்தது. 1970-களின் பிற்பகுதியில் அமெரிக்காவில் பன்றியின் வால்வைப் பதப்படுத்திச் செய்த வால்வுகளில் மைக்கோபாக்டீரியம் கெலோனே என்ற காசநோய்க் கிருமியின் தூரத்துச் சொந்தக்காரனைக் கண்டார்கள். பதப்படுத்திய ரசாயனக் கரைசலிலும் அது பிழைத்திருந்தது.

இன்னொன்று நம் காலத்துக் கதை. 2013-ல் சூரிச் ஆஸ்பத்திரி டாக்டர்கள் இதய அறுவை சிகிச்சை முடிந்து வெகுகாலம் கழித்து நோய்வாய்ப்பட்ட இருவரைப் பற்றி எழுதினார்கள். கிருமி மைக்கோபாக்டீரியம் கிமேரா. தண்ணீரில் வாழ்வது, இதயத்தில் அதுவரை யாரும் பார்க்காதது. எங்கிருந்து வந்தது? துப்பறியும் கதை மாதிரி தேடினார்கள். அறுவை சிகிச்சையின்போது நோயாளியின் ரத்தத்தைக் குளிர்விக்கவும் சூடாக்கவும் ஒரு இயந்திரம் இருக்கும், அதற்குள் தண்ணீர்த் தொட்டி. அந்தத் தண்ணீர் ரத்தத்தைத் தொடுவதே இல்லை. ஆனால் தொட்டியில் கிருமி வளர்ந்து, நுண்துளியாகக் காற்றில் ஏறி, இயந்திரத்தின் விசிறி அதை அறைக்குள் ஊதி, திறந்திருந்த மார்புக்குள் விழுந்திருக்கிறது. பல நாட்டு நோயாளிகளின் கிருமி மரபணுவை ஒப்பிட்டபோது ஏறக்குறைய எல்லாம் ஒரே குடும்பம். ஜெர்மனியில் இயந்திரம் தயாரான தொழிற்சாலையிலேயே கலந்திருக்க வேண்டும் என்று 2017-ல் முடிவுக்கு வந்தார்கள். அறுவை சிகிச்சை நடந்து ஐந்து வருடத்துக்குப் பிறகுகூட நோய் தெரிந்தவர்கள் உண்டு. ஐந்து வருடம் கழித்து வரும் காய்ச்சலுக்கு ஆபரேஷன் தியேட்டரின் தண்ணீர்த் தொட்டி காரணம் என்று யாருக்குத் தோன்றும், சொல்லுங்கள்.

துணியில்தானே பிரச்சினை, துணியையே கிருமி அண்டாதபடி செய்துவிட்டால்? 1990-களின் இறுதியில் அமெரிக்காவின் செயின்ட் ஜூட் நிறுவனம் அப்படித்தான் செய்தது. தையல் வளையத் துணியில் வெள்ளி பூசினார்கள். வெள்ளி கிருமியைக் கொல்லும். துணியில் வெள்ளி! எங்கள் ஊரில் பட்டில் ஓடும் ஜரிகை என்ன, வெள்ளிதானே. மாமாவிடம் சொன்னபோது "அட, நம்ம சரக்கு" என்றார். சில்சோன் என்ற அந்த வால்வை சுமார் 36,000 பேருக்குப் பொருத்தினார்கள். கூடவே ஒழுங்கான சோதனை ஒன்றும் நடந்தது. அதில் வெள்ளி வால்வு வைத்தவர்களுக்கு வளையத்தின் ஓரமாக ரத்தம் கசிவது அதிகமாக இருந்தது. 2000 ஜனவரியில் நிறுவனமே வால்வைத் திரும்பப் பெற்றது. வூர்ஹீஸின் பட்டு நூலை நினைத்துப் பாருங்கள். துணிக்குள் திசு வளர்ந்து பிடித்தால்தான் வால்வு நிற்கும். வெள்ளி அந்தத் திசுவையும் சரியாக வளரவிடவில்லை என்று கருதுகிறார்கள். தொற்றாவது குறைந்ததா என்றால், அதுவும் நிரூபணமாகவில்லை. அதன் பிறகு துணி வளையம் பழையபடி வெறும் துணியாகவே தொடர்ந்தது.

மாமா கதைக்கு வருகிறேன். மூன்று தனித்தனி இடத்தில் ஊசி குத்தி மூன்று முறை ரத்தம் எடுத்தார்கள். "ஏற்கனவே ஏதாவது ஆன்டிபயாட்டிக் சாப்பிட்டீங்களா?" என்று கேட்டார் டாக்டர். சாப்பிட்டிருந்தார். இரண்டு வாரத்தில் மூன்று தினுசு. உள்ளூரில் ஊசி போட்ட டாக்டரும் வால்வு பற்றிக் கேட்கவில்லை, இவரும் சொல்லவில்லை. இப்படி அரைகுறையாக மாத்திரை போட்டால் காய்ச்சல் நாலு நாள் அடங்கும், வால்வில் இருப்பது சாகாது, புட்டியிலும் வளராது. புட்டியில் எதுவும் வளராமல் போவதற்கு உலகம் முழுக்க முதல் காரணமே காக்ஸியெல்லா இல்லை, முன்கூட்டியே விழுங்கிய இந்த மாத்திரைகள்தான் என்பதைப் படித்தபோது எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

முதல் இரண்டு புட்டிகளில் ஒன்றும் வரவில்லை. ஆட்டுக் காய்ச்சலுக்கான சோதனையும் எடுத்தார்கள், இல்லை என்று வந்தது. நான்காம் நாள் மூன்றாவது புட்டியில் வளர்ந்தது. அரிய கிருமி எதுவுமில்லை, வாயில் வாழும் சாதாரண ஸ்ட்ரெப்டோகாக்கஸ். ரொம்ப நாளாக மாமா ஒரு சொத்தைப் பல்லை வைத்துக்கொண்டு வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார். செயற்கை வால்வு உள்ளவர்கள் பல் பிடுங்கும் முன் ஆன்டிபயாட்டிக் சாப்பிட வேண்டும் என்று 2007-ல் அமெரிக்க இதயச் சங்கம் மற்ற பலருக்கு விதியைத் தளர்த்தியபோதும் இவர்களுக்கு மட்டும் விடவில்லை. பல்லையே கவனிக்காமல் விட்டால் அந்த ஒரு வேளை மாத்திரை என்ன செய்யும்?

ஆறு வாரம் நரம்பு வழியாக மருந்து ஏறியது. வால்வு தப்பியது. மறுபடி நெஞ்சைத் திறக்க வேண்டியிருக்கவில்லை. பல் போய்விட்டது, வெற்றிலையும் போய்விட்டது (பெரும்பாலும்!). இப்போது சட்டைப் பையில் வால்வு அட்டையை வைத்திருக்கிறார், லேசாக உடம்பு சுட்டாலும் மெடிக்கல் ஷாப்பில் அதைத்தான் முதலில் எடுத்து நீட்டுகிறார். பக்கத்து வீட்டு ஆடு போன மாதம் இரண்டு குட்டி போட்டது. மாமா ஜன்னலைச் சாத்திவிட்டுத் தறியில் உட்கார்ந்திருந்தார்.